முதியவரின் முதுகைப் பார்ப்பது யார்?

ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை நோயாளிக்கு யார் பொறுப்பு என்பதில் குழப்பம் இல்லை. டாக்டர் இருக்கிறார், வார்டு சிஸ்டர் இருக்கிறார், கட்டில் காலில் ஓர் அட்டை தொங்குகிறது. டிஸ்சார்ஜ் ஆகி வீடு வந்த மறுநாள், அத்தனை பொறுப்பும் ஓர் ஏஜென்சி அனுப்பிவைத்த, நேற்றுவரை முகம் பார்த்திராத ஒருவரிடம் போய்ச் சேர்கிறது. அவர் சரியாகத்தான் பார்த்துக்கொள்கிறாரா என்பதை யார் சொல்வது, எதை வைத்துச் சொல்வது? இந்தக் கேள்விக்கு விடை தேடாமலேயே நம் ஊர்களில் 'ஹோம் நர்சிங்' தொழில் வளர்ந்துகொண்டிருக்கிறது.

தமிழ்நாடு வேகமாக மூப்படைந்துவரும் மாநிலம். மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பின்படி 2021-இல் தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் அறுபது வயதை எட்டியவர்கள். கேரளத்துக்கு (16.5 சதவீதம்) அடுத்த இடம் நமக்குத்தான். 2031-இல் இது 18.2 சதவீதம் ஆகும் என்கிறது அதே கணிப்பு.

பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் நியூஜெர்சியிலும் இருக்கிறார்கள். உள்ளூரிலேயே இருந்தாலும் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பக்கவாதம் வந்த அப்பாவையோ இடுப்பு எலும்பு முறிந்த அம்மாவையோ பார்த்துக்கொள்ளக் கூலிக்கு ஆள் வைப்பது ஆடம்பரம் என்று இருந்த காலம் போய்விட்டது.

மின்கம்பத்தில் கட்டிய தகட்டிலிருந்து செல்பேசிச் செயலிவரை இதற்கு விளம்பரம் உண்டு. ஒருபக்கம் பல நகரங்களில் கிளை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள். மறுபக்கம் ஒரு மேஜை, இரண்டு செல்பேசிகள், ஒரு பெயர்ப் பட்டியல் ஆகியவற்றோடு நடக்கும் ஏஜென்சிகள். மாதம் இருபது, முப்பதாயிரம் ரூபாய் கொடுக்கும் குடும்பத்தால் எது நல்லது, எது மோசம் என்று பிரித்துப் பார்க்க முடிவதில்லை. தெரிந்தவர் சொன்னார், ஆள் அனுப்பினார்கள், அவ்வளவுதான்.

பீரோ சாவியும் படுக்கைப்புண்ணும்

ஆள் வைக்கும்போது நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, 'கை சுத்தமா?' என்பது. அதில் தவறில்லை. வயதானவர்களைத் தாக்கி நகை பறித்த செய்திகளும், அடித்து உலுக்கும் சிசிடிவி காட்சிகளும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வீட்டு வேலைக்கு வருபவரின் பின்னணியைச் சரிபார்த்துத் தரும்படி தமிழ்நாடு காவல் துறையிடம் இணையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். கட்டாயம் விண்ணப்பிக்கவும் வேண்டும். அப்பாவின் செல்பேசியில் இருக்கும் பணப் பரிமாற்றச் செயலிக்கு வரும் ஓடிபி யார் கண்ணில் படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆனால், காவல் துறைச் சான்று சொல்வது ஒருவர்மீது வழக்கு உண்டா இல்லையா என்பதை மட்டும். மூக்கு வழியாகப் போட்ட ரைல்ஸ் டியூப்பில் அவருக்குக் கஞ்சி ஊற்றத் தெரியுமா என்பதை எந்தக் காவல் நிலையமும் சொல்லப் போவதில்லை.

வீட்டில் படுத்திருக்கும் முதியவருக்கு நேரும் தீங்குகளில் கெட்ட எண்ணத்தால் வருபவை குறைவு, தெரியாமையாலும் அசதியாலும் வருபவை அதிகம் என்றே நான் நினைக்கிறேன். திருட்டு செய்தியாகிறது. படுக்கைப்புண் முற்றி, கிருமி இரத்தத்தில் கலந்து ஒருவர் இறந்தால் அது செய்தியாவதில்லை. 'வயசாயிடுச்சு, எத்தனை நாள்தான் கஷ்டப்படுவார்' என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போகிறோம்.

படுக்கைப்புண்ணையே எடுத்துக்கொள்வோம். தானாகப் புரள முடியாதவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது செவிலியர் படிப்பின் அரிச்சுவடி. முதுகின் அடிப்பகுதி, இடுப்பு, குதிகால் என எலும்பு துருத்தும் இடங்களில்தான் புண் தொடங்கும். முதலில் தோல் சிவக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்காது. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் இந்தச் சிவப்பு சரியாகத் தெரிவதும் இல்லை. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். இதைத் தினமும் பார்க்கக் கற்றுக்கொடுத்திருந்தால் அந்தப் புண்ணை அந்தக் கட்டத்திலேயே நிறுத்திவிடலாம். குழியானபின் ஆற மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு ஆறுவதே இல்லை.

டியூப்பில் உணவு கொடுக்கும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். கொடுத்து முடித்த பிறகும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அப்படியே இருக்க வேண்டும். மல்லாக்கப் படுக்கவைத்து ஊற்றினால் கஞ்சி நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் முடியும். சிறுநீர்க் குழாயோடு இணைத்த பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவிட வேண்டும். தரையிலும் படக் கூடாது. படுக்கையை மாற்றும்போது பையைத் தூக்கி வயிற்றின்மேல் வைக்கிறார்கள். உள்ளே இருப்பது திரும்ப உடம்புக்குள் போகிறது.

இன்சுலின் இன்னும் நுட்பமான விஷயம். ஊசியைக் காலையில் போட்டாயிற்று, பாட்டி இட்லி வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார், சரி பிறகு கொடுப்போம் என்று விட்டாயிற்று. ஒரு மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டுகிறது, பேச்சு குழறுகிறது. இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போய்விட்டது என்பதை உணர்ந்து உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கவோ, விழுங்க முடியாதவர் என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்கவோ தெரிந்தவர் பக்கத்தில் இருக்கிறாரா என்பதில்தான் உயிர் நிற்கிறது.

ஆக்சிஜன் கருவி ஓடும் அறையிலேயே சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றும் வீடுகள் உண்டு. அது எவ்வளவு ஆபத்து என்று வீட்டாருக்கும் தெரியாது, வந்தவருக்கும் தெரியாது. எடுத்துச் சொல்லும் இடத்தில் இருக்க வேண்டியது ஏஜென்சி. அந்த ஏஜென்சியிலிருந்து ஆள் அனுப்பிய நாளுக்குப் பிறகு யாராவது அந்த வீட்டுப் படி ஏறினார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

சீருடை போட்டவரெல்லாம் நர்ஸ் இல்லை

நம் வீடுகளில் வந்து வேலை செய்பவர்களில் படித்துப் பதிவுசெய்த செவிலியரும் உண்டு, சில வாரப் பயிற்சி பெற்ற உதவியாளரும் உண்டு, போன வாரம்வரை துணிக்கடையில் வேலை பார்த்தவரும் உண்டு. மூவரையும் ஒரே சீருடையில் அனுப்பி, மூவரையும் 'சிஸ்டர்' என்று அழைக்கும்படி விடுவது ஏஜென்சிக்கு வசதி. விலையை ஏற்றலாம்.

குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டிய எல்லைக்கோடு சிக்கலானது அல்ல. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, டயப்பர் மாற்றுவது, வாக்கர் பிடித்து நடக்க வைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது ஆகியவை பயிற்சி பெற்ற உதவியாளரின் வேலை. நரம்பில் மருந்து ஏற்றுவது, ரைல்ஸ் டியூப்பையும் சிறுநீர்க் குழாயையும் மாற்றுவது, தொண்டையில் துளையிட்டவருக்குச் சளி உறிஞ்சி எடுப்பது, ஆழமான புண்ணுக்குக் கட்டுப் போடுவது எல்லாம் செவிலியரின் வேலை. செவிலியர் என்று சொல்லி அனுப்பினால், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் பதிவெண்ணைக் கேட்கலாம். தயங்க வேண்டியதில்லை, உண்மையான செவிலியர் அதற்காக வருத்தப்பட மாட்டார்.

உதவியாளருக்கும் பயிற்சி இல்லாமல் இல்லை. சுகாதாரத் துறைக்கான திறன் குழுமம், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கென்றே ஒரு பாடத்திட்டம் வகுத்துச் சான்றிதழ் தருகிறது. அந்தச் சான்றிதழ் இருப்பவருக்குக் கூடுதல் சம்பளம் தருவது யார்? சான்றிதழைக் கேட்காத குடும்பமும் தராது, கேட்கப்படாத ஏஜென்சியும் தராது. அப்புறம் யார் போய்ப் படிப்பார்கள்!

'நாங்கள் அரசுப் பதிவு பெற்றவர்கள்' என்று விளம்பரத்தில் இருந்தால், எதற்கான பதிவு என்று கேளுங்கள். தொழில் நடத்தப் பெற்ற பதிவு வேறு, ஜிஎஸ்டி எண் வேறு, மருத்துவ சேவைக்கான பதிவு வேறு. முதல் இரண்டையும் காட்டி மூன்றாவதைப் போலப் பேசுபவர்கள் இருக்கிறார்கள்.

நமது தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் முறைப்படுத்தும் சட்டம் 1997-இல் வந்தது. அதற்கான விரிவான விதிகள் 2018-இல். மருத்துவமனை, கிளினிக் என்று கட்டடமாக நிற்கும் இடங்களை மனத்தில் வைத்து உருவான சட்டம் அது. கட்டில்களை எண்ணலாம், அறையை அளக்கலாம், கருவியைப் பார்க்கலாம். ஆனால் ஒரு ஏஜென்சியின் 'வார்டு' ஊரெங்கும் சிதறிக்கிடக்கும் படுக்கையறைகள். அதன் அலுவலகத்தை எத்தனை முறை ஆய்வு செய்தாலும் நோயாளியின் முதுகு கண்ணில் படாது.

கேமராவில் தெரியாதவை

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் முதலில் செய்வது கேமரா பொருத்துவது. அது இருக்கட்டும். ஆனால், வேலை செய்பவரிடம் சொல்லிவிட்டுப் பொருத்த வேண்டும். டயப்பர் மாற்றும் இடத்தில் அப்பாவின் மானமும் ஒன்று இருக்கிறது. அந்த நேரத்தில் திரை போடவாவது வழி வேண்டும். அடித்தால் கேமரா காட்டும், பையில் எடுத்துப் போட்டால் காட்டும். நான்கு யூனிட்டுக்குப் பதில் பதினான்கு யூனிட் இன்சுலின் ஏற்றினால் காட்டாது.

பராமரிப்பின் தரத்தைக் காட்டுவது நோயாளியின் உடம்புதான். அதைப் படிக்கத் தெரிந்தால் வீட்டிலுள்ள யாரும் சோதித்துவிடலாம். நாக்கு வெள்ளை படிந்து, உதடு வறண்டு வெடித்திருந்தால் வாயைச் சுத்தம் செய்வதும் இல்லை, தண்ணீர் போதுமான அளவு கொடுப்பதும் இல்லை என்று பொருள். நகத்தைப் பாருங்கள், காதுக்குப் பின்னால் பாருங்கள், தொடை இடுக்கில் பாருங்கள். மேல் கையில் விரல் பதிந்ததுபோல் கன்றியிருந்தால் இழுத்துத் தூக்குகிறார்கள்.

மாதம் ஒருமுறை எடை பாருங்கள். நிற்க முடியாதவர் என்றால் மேல் கையின் சுற்றளவைத் தையல்காரர் டேப்பால் அளந்து நாட்காட்டியில் குறித்துவைத்தால் போதும். 'நல்லா சாப்பிடறாருங்க' என்ற பதிலைவிட டேப் சொல்வதை நம்பலாம்.

புதிதாக ஆள் வந்த பிறகு பெரியவர் பகலெல்லாம் தூங்கிக்கொண்டே இருக்கிறாரா? தூக்க மாத்திரைப் பட்டையை எண்ணிப் பாருங்கள். இரவில் அவர் எழுப்பாமல் இருந்தால் தானும் தூங்கலாம் என்று ஒரு மாத்திரை கூடுதலாகக் கொடுப்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் பேசாத விஷயம். அந்த மயக்கத்தில் எழுந்து நடந்தால் விழுவார். விழுந்தால் இடுப்பு எலும்பு.

தேறிவந்தவர் திடீரென்று உளற ஆரம்பித்தால் வயசுக் கோளாறு என்று விட்டுவிடவும் கூடாது. சிறுநீர்த் தொற்று, உப்புக் குறைவு, மருந்துக் குழப்பம் என்று அதற்குக் காரணம் இருக்கும். அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டிய அறிகுறி அது.

மறதிநோய் உள்ளவர்கள் நிலைமை தனி. 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு அந்த நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. தனக்கு என்ன நடந்தது என்று அவர்களால் சொல்ல முடியாது. சொன்னாலும் வீட்டில் நம்ப மாட்டார்கள். பராமரிப்பவர் பக்கத்தில் வரும்போது அவர்கள் முகம் மலர்கிறதா, உடம்பு சுருங்குகிறதா என்பதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல், ஒவ்வொரு முறையும் வேறு வேறு நேரத்தில், உறவினர் ஒருவர் போய்ப் பார்ப்பதற்கு ஈடான மேற்பார்வை கிடையாது.

அவர் எப்போது தூங்குவார்?

இதுவரை சொன்னதை மட்டும் படித்தால் பராமரிக்க வருபவரைச் சந்தேகக் கூண்டில் ஏற்றியது போலாகும். அடுத்த பக்கத்தையும் பார்த்தாக வேண்டும்.

'24 மணி நேர டியூட்டி' என்று ஒரே ஒருவரை அனுப்புகிறார்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்ட வேண்டிய நோயாளி என்றால், இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை அவர் நான்கு முறையாவது எழ வேண்டும். நடுவில் டயப்பர், நடுவில் தண்ணீர். பகலில் சமையலறையிலும் 'கொஞ்சம் கை கொடும்மா' என்று கூப்பிடுகிறோம். இப்படி மாதம் முழுக்க ஒருவரால் முடியுமா? முடியாது என்று தெரிந்தே ஏஜென்சி அனுப்புகிறது. தெரிந்தே நாமும் எடுத்துக்கொள்கிறோம். அசந்துபோன கைதான் மருந்து மாற்றிக் கொடுக்கும். இரவில் புரட்ட வேண்டிய நோயாளிக்கு ஒற்றை ஆள் ஏற்பாடு என்பதே பாதுகாப்புக் குறைபாடு. இரவுக்குத் தனியாக ஆள் வைக்கக் கட்டுப்படியாகாது என்றால், இரவின் பாதியை வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும்.

வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து வருபவர்கள், இப்போது ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருபவர்கள். குடும்பம் ஏஜென்சிக்குக் கொடுக்கும் தொகையில் எவ்வளவு அவர்கள் கைக்குப் போகிறது என்று குடும்பத்துக்குத் தெரியாது. கேட்டால் 'அது எங்கள் உள்விவகாரம்' என்பார்கள். குறைவாகப் போனால் ஆள் நிற்க மாட்டார். மாதத்துக்கு ஒரு முகம் மாறும். தாத்தாவுக்கு எந்தப் பக்கம் வலி, எந்த மாத்திரையைப் பொடித்துக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆகவே அவருடைய சம்பளம் நோயாளியின் பாதுகாப்போடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம்.

கையுறை, மஞ்சள்காமாலைத் தடுப்பூசி, வாரம் ஒரு நாள் விடுப்பு, படுக்க ஒரு கட்டில். இவற்றில் எத்தனை நம் வீடுகளில் கிடைக்கின்றன? வேலை செய்யும் வீட்டிலேயே பாலியல் தொல்லைக்கு ஆளாகும் பெண்ணுக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவில் புகார் கொடுக்க உரிமை உண்டு. அந்தச் சட்டம் வீட்டையும் பணியிடமாகக் கருதுகிறது. இதை அவரிடம் சொல்லி அனுப்பும் ஏஜென்சியை நான் இன்னும் பார்க்கவில்லை.

2007-இல் தமிழ்நாடு வீட்டுப் பணியாளர்களுக்கு நலவாரியம் அமைத்தது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வீட்டுப் பணியாளர்களுக்குத் தனிச் சட்டம் தேவையா என்று ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் பாத்திரம் துலக்குபவர் வரிசையிலும் சரியாக அடங்குவதில்லை, மருத்துவப் பணியாளர் வரிசையிலும் அடங்குவதில்லை. இரண்டு நாற்காலிக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருக்கிறார்.

மதிப்பெண் போட்டால் போதுமா?

இங்கிலாந்தில் வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களை ஆய்வு செய்து மதிப்பிட 2009 முதல் ஓர் ஆணையம் இயங்குகிறது. பாதுகாப்பானதா, பலன் தருகிறதா, பரிவு இருக்கிறதா, தேவைக்கேற்ப நடக்கிறதா, நிர்வாகம் சரியா என ஐந்து கேள்விகள். அவற்றுக்கான விடைகளை வைத்து 'மிகச் சிறப்பு' முதல் 'போதாது' வரை நான்கு தரங்கள். அறிக்கை எல்லோரும் படிக்கும்படி வெளியாகும். நமக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று உடனே தோன்றும்.

ஆனால், 2024-இல் அந்த ஆணையத்தையே மறு ஆய்வு செய்தபோது தெரிந்தது வேறு. அதன் கண்காணிப்பில் இருக்கும் இடங்களில் ஐந்தில் ஒன்றுக்கு ஒருமுறைகூடத் தரம் வழங்கப்படவில்லை; சில இடங்களின் தரம் பல ஆண்டுகள் பழையது. ஆணையம் தன் வேலைக்கே லாயக்கில்லாத நிலையில் இருப்பதாக அந்நாட்டுச் சுகாதார அமைச்சரே சொன்னார். போய்ப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் மதிப்பெண் அட்டை வாசலில் தொங்கும் திருஷ்டிப் படமாகிவிடும் என்பது அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

ஜப்பான் வேறு வழியில் போனது. 2000 ஏப்ரலில் அங்கே நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு தொடங்கியது. அதன்கீழ் வீட்டில் சேவை பெறுபவருக்கு ஒரு திட்டப் பொறுப்பாளர் இருப்பார். யாருக்கு என்ன உதவி தேவை என்று அவர்தான் வகுப்பார். பொதுவாக மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போய், வகுத்தபடி நடக்கிறதா என்று பார்ப்பார். அந்தப் பொறுப்பாளரே பல நேரம் சேவை தரும் நிறுவனத்தின் ஊழியராக இருப்பது பற்றி அங்கே விமர்சனமும் உண்டு. ஆனாலும் சேவை செய்பவர் ஒருவர், அதைப் போய்ப் பார்ப்பவர் இன்னொருவர் என்ற ஏற்பாடு சரியானது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை இயக்கம் கேரளத்தில் உள்ளாட்சிகள்வரை வேர்விட்டது. 2008-இல் மாநில அரசு அதற்கென்று கொள்கையே வகுத்தது. படுத்த படுக்கையாக இருப்பவரின் வீட்டுக்குச் செவிலியர் தன்னார்வலர்களோடு போய்ப் பார்ப்பது அங்கே வழக்கமான காட்சி.

நம்மிடமும் அடித்தளம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளோடு ஆதரவு சிகிச்சைச் செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் வீடுதேடிப் போகிறார்கள். வீட்டுப் படியேறும் பழக்கம் அரசுக்கு வந்துவிட்டது. ஏஜென்சி ஆள் இருக்கும் வீட்டிலும் அதே செவிலியர் ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் பார்க்கலாம்.

இனி செய்ய வேண்டியவை

முதலில் குடும்பங்கள். ஏஜென்சியிடம் விலை கேட்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: போன ஆண்டு உங்கள் நோயாளிகளில் எத்தனை பேருக்குப் படுக்கைப்புண் வந்தது, எத்தனை பேர் விழுந்தார்கள்? எண்ணிக்கை சொல்லி, அதன் பிறகு என்ன மாற்றினோம் என்றும் சொல்லும் ஏஜென்சியை நம்பலாம். 'எங்ககிட்ட அப்படி ஒண்ணுமே நடந்ததில்லை' என்றால், அவர்கள் கணக்கே வைப்பதில்லை.

ஒப்பந்தத்தில் மாதக் கட்டணம் மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். மேற்பார்வைச் செவிலியரின் பெயர், அவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை நேரில் வருவார், வந்தவர் பாதியில் நின்றுவிட்டால் எத்தனை மணி நேரத்தில் மாற்று ஆள், என்னென்ன வேலைகளை அனுப்பப்படுபவர் செய்யக் கூடாது என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். சேவையில் குறை என்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் புகார் செய்யலாம். உதவி எண் 1915. முதியவர் துன்புறுத்தப்படுவதாகத் தெரிந்தால் மூத்த குடிமக்களுக்கான 14567 இருக்கிறது.

வீட்டில் ஒரு நீளமான நோட்டு வாங்கிவையுங்கள். எத்தனை மணிக்குப் புரட்டியது, எவ்வளவு சாப்பிட்டது, எவ்வளவு சிறுநீர், என்ன மருந்து, தோல் எப்படி இருக்கிறது என்று அதில் எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர் என்றால் கட்டம் போட்டு டிக் அடிக்கலாம். டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்த நோட்டும் கூடப் போக வேண்டும்.

அடுத்தது மருத்துவமனைகள். டிஸ்சார்ஜ் தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது. மருந்துக்கு எதிரே பிடி, டிடிஎஸ், எச்எஸ் என்று டாக்டர்களின் சுருக்கெழுத்து. அதைக் கையில் வாங்குபவர் எட்டாம் வகுப்பு படித்த தமிழ்ப் பெண்ணாகவோ ஒடியா மட்டுமே படிக்கத் தெரிந்த இளைஞராகவோ இருக்கலாம். காலை, மதியம், இரவு என்று படம் போட்ட ஒரு பக்கத் தாளைத் தமிழில் தருவது பெரிய செலவில்லை. பராமரிக்கப் போகும் நபரை டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாளே வார்டுக்கு வரவழைத்து, சிஸ்டர் முன்னால் அவர் ஒருமுறை டியூப்பில் உணவு கொடுத்து, நோயாளியைப் புரட்டிக் காட்டிய பிறகே அனுப்புவது என்று மருத்துவமனைகள் விதி வைத்துக்கொள்ள வேண்டும். 1978-லேயே முதியோருக்கெனத் தனி மருத்துவப் பிரிவைக் கண்ட சென்னை அரசு பொது மருத்துவமனை இதைத் தொடங்கிவைத்தால் பொருத்தமாக இருக்கும்.

பிறகு பணம். 70 வயதை எட்டிய அனைவருக்கும் ஐந்து லட்சம் ரூபாய்வரை சிகிச்சைக் காப்பீடு என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு விரிவுபடுத்திய திட்டம், ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. வீட்டில் ஆள் வைக்கும் செலவு முழுதும் குடும்பத்தின் தலையில். படுக்கைப்புண் முற்றி மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தால் காப்பீடு பணம் கொடுக்கும், புண் வராமல் பார்க்க வரும் செவிலியருக்குக் கொடுக்காது. டிஸ்சார்ஜுக்குப் பிறகு முதல் மாதத்தில் சில செவிலியர் வருகைகளையாவது காப்பீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். கணக்குப் பார்த்தால் அது மிச்சமாகத்தான் இருக்கும்.

கடைசியாகச் சட்டம். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்துக்கு 2019 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவந்த திருத்த மசோதாவில், வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்கள் மாநில அரசின் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும், பயிற்சியும் சான்றும் பெற்றவர்களையே அனுப்ப வேண்டும் என்று இருந்தது. நிலைக்குழுவும் ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. மக்களவையின் காலம் 2024-இல் முடிந்தபோது மசோதாவும் காலாவதியானது. முதியோர் பராமரிப்பில் சீர்திருத்தம் வேண்டும் என்று நிதி ஆயோக் அறிக்கை வெளியிட்டதும் அதே 2024-இல்தான்.

டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஏஜென்சிகளின் பெயர், அனுப்பப்படும் ஆட்களின் பயிற்சி நிலை, மேற்பார்வைச் செவிலியரின் பதிவெண், அவர்கள் தாங்களே அறிவிக்கும் விழுதல், படுக்கைப்புண் எண்ணிக்கை ஆகியவற்றை யாரும் பார்க்கும்படி மாவட்டவாரியாக இணையத்தில் வைக்கலாம். எண்ணிக்கையை மறைத்தால் அபராதம் என்று வைக்க வேண்டும். எண்ணிக்கை அதிகம் என்பதற்காகத் தண்டித்தால் எல்லோரும் மறைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

போய்ப் பார்க்க ஆளுக்கு எங்கே போவது என்ற கேள்வி வரும். அரசு மருத்துவமனைகளில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வுபெற்ற செவிலியர்கள் ஒவ்வொரு தாலுகாவிலும் இருக்கிறார்கள். ஒரு வருகைக்கு இவ்வளவு என்று மதிப்பூதியம் நிர்ணயித்து, ஏஜென்சியோடு தொடர்பில்லாதவர்களாகப் பார்த்து, மாவட்டச் சுகாதார அலுவலகம் அவர்களைப் பட்டியலில் சேர்க்கலாம். குடும்பம் கேட்டாலோ, பதிவு செய்த ஏஜென்சிகளிலிருந்து குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தோ அவர்கள் வீட்டுக்குப் போகட்டும். நோட்டைப் புரட்டி, மருந்துப் பெட்டியைத் திறந்து, நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகைப் பார்த்து, பராமரிப்பவரிடம் கடைசியாக எப்போது தூங்கினீர்கள் என்றும் கேட்டு, ஒரு பக்க அறிக்கை எழுதினால் போதும். முதல் கட்டமாகச் சென்னை, கோவை ஆகிய இரண்டு மாவட்டங்களில் ஓராண்டு நடத்திப் பார்க்கலாம்.